ஆறாவது பாட்டில் மூன்று மா

1

என் மகளின் முதல் இசை ஆல்பத்தை முதல் தடவையாக நான் கேட்டது, வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. கார் நகரவில்லை. பிறகு எதற்குப் பெல்ட் என்று என் மனைவி சுமதி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போய் மாட்டிக்கொண்டுவிட்டது.

நான் இருப்பது வேல்ஸில், நியூபோர்ட் என்கிற துறைமுக ஊரில். நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன் படித்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்கு வந்தவன். வந்த புதிதில் ரோட்டு வளைவுகளில் பெரிய வெள்ளை எழுத்தில் 'அராஃப்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, தேர்தலில் நிற்கிறவர் பெயர் போலிருக்கிறது, செல்வாக்கான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெல்ஷ் மொழியில் 'மெதுவாகப் போ' என்று அர்த்தமாம். இப்படிப் பல விஷயங்களைத் தப்பாகப் படித்துத்தான் இங்கே குடியேறினேன்.

மகள் பெயர் நிவேதா. இருபத்து நான்கு வயது. பக்கத்து நகரமான பிரிஸ்டலில் தனியாக இருக்கிறாள். பகலில் ஓர் அலுவலகத்தில் வரவேற்பு மேசை, மற்ற நேரமெல்லாம் பாட்டு. நான்கு பேர் சேர்ந்த குழு. அதில் இவள் பாடகி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் செய்வதில் பாதிக்கு மேல் கத்தல். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்றால் சங்கீதம் தெரிந்திருக்கும் என்று இங்கே உள்ள நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருவையாற்றுக்குப் போனது ஒரே ஒரு முறை, அதுவும் பழைய பம்ப்செட் ஒன்றை விலை பேச. ஆகவே மகளுக்குச் சங்கீதம் என் வழியாக வந்திருக்க வாய்ப்பில்லை. கத்தலும் என் வழியாக வரவில்லை.

இந்த வகை இசைக்குப் 'போஸ்ட் ஹார்ட்கோர்' என்று பெயர். போஸ்ட் என்றதும் தபால் சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்தேன். ஹார்ட்கோர் என்று ஒன்று முன்னால் இருந்ததாகவும், அதற்கு அப்புறம் வந்தது இது என்றும் விளக்கினாள். "அப்ப நான் போஸ்ட் நன்னிலம்" என்றேன். போனில் சிரித்தாள். அவளைச் சிரிக்கவைப்பது எனக்கு அடிக்கடி கைகூடுகிற காரியம் இல்லை. எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சும் கிடையாது. வருவாள், சாப்பிடுவாள், பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். விருந்தாளிதான் இவ்வளவு ஒழுங்காக இருப்பார்.

இதற்குப் பின்னால் ஒரு விஷயம் உண்டு. ஆறு வயதில், ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். காது நன்றாகக் கேட்டது, தொண்டையில் கோளாறு இல்லை, பேசவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேசினாள், படித்தாள், வேலைக்கும் போனாள். ஆனால் அந்த வருஷம் என்ன நடந்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை. நான் என்னவோ செய்திருக்கிறேன், என்ன என்றுதான் தெரியவில்லை என்கிற நினைப்போடு பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நிவேதா கூப்பிட்டாள். ஆல்பம் முடிந்துவிட்டது, இசைத்தட்டு அச்சுக்குப் போகப்போகிறது என்றாள். பாட்டுகளைப் போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டு, நான் இதுவரை கேட்காத குரலில், கொஞ்சம் தயங்கித் தயங்கி, ஒன்று கேட்டாள்.

"முழுசா கேளுங்கப்பா. நடுவுல நிறுத்தாம. ஆறாவது பாட்டுல ஒரு இடம் சும்மா இருக்கும், சத்தமே இருக்காது. அது உங்களுக்கு வச்சது. அங்க உங்க குரல் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "கேட்டா உங்களுக்கே தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

2

வீட்டுக்குள் கேட்டால் சுமதி பயந்துவிடுவாள் என்றுதான் காருக்குப் போனேன். சனிக்கிழமை வரை தள்ள முடியாது, வெள்ளி கெடு. புதன்கிழமை வேலை முடிந்து வந்து, வாசலிலேயே உட்கார்ந்து போட்டேன். இங்கே வழக்கம்போல் மழை.

முதல் பாட்டு ஒற்றைக் கிட்டார் கம்பியில் ஆரம்பித்தது. யாரோ யோசித்துக்கொண்டே தட்டுகிற மாதிரி, மெதுவாக. நன்றாகத்தான் இருக்கிறது, இதற்கா இவ்வளவு பீடிகை என்று நினைத்தேன். அடுத்த கணம் எல்லாம் ஒன்றாக இறங்கிற்று. டீசல் என்ஜினைக் கையால் சுற்றிவிடும்போது இரண்டு தரம் முக்கிவிட்டுத் திடீரென்று பிடித்துக்கொள்ளுமே, அப்படி. பெல்ட் போட்டுக்கொண்டது அப்போதுதான். நாயோடு போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்தார். கையைக் காட்டினேன், அவரும் காட்டினார்.

அதற்குள் ஒரு குரல் கத்தியது. ஆண் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டில்தான் அது என் மகள் என்று புரிந்தது. என் காசில் பால் குடித்து வளர்ந்த தொண்டை அது, எனக்கு அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. இது முழுக்கச் சத்தம் இல்லை. சத்தம் போட்டுக்கொண்டே போய் ஓர் இடத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தத்தில் கம்பியின் அதிர்வும், யாரோ மூச்சு விடுவதும் கேட்கிறது. பிறகு மறுபடி விழுகிறது. எப்போது விழும் என்று சொல்ல முடியாது. நான்காவது பாட்டுக்குள் அந்த நிறுத்தங்களுக்காகவே காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். பிடித்ததா என்று கேட்டால், எழுந்து போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் குழுவின் பெயர் 'டெயில் எண்ட்'. பின்பக்கம் என்று அர்த்தம் வருகிறதே, வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லையா என்று நான் ஆரம்பத்தில் முணுமுணுத்திருக்கிறேன். காவிரித் தண்ணீர் எல்லோரும் எடுத்தது போகக் கடைசியில் வந்து சேரும் இடம் நம் ஊர், கடைமடை, இங்கிலீஷில் டெயில் எண்ட் என்று அவளுக்குச் சின்ன வயதில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொன்னது எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆறாவது பாட்டின் பெயரைப் போன் திரையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'மூணு மா.' இங்கிலீஷ் எழுத்தில், ஆனால் நம் வார்த்தை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. ஒரு மா என்றால் முப்பத்து மூன்று சென்ட். மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். என் பங்குக்கு வந்த நிலம் சரியாக மூன்று மா. அதை விற்றதும் நான்தான்.

பாட்டு முழுக்க இங்கிலீஷ். அதிலும் இரண்டே வரிகள்தான் எனக்குத் தெளிவாக விழுந்தன. 'விற்காதே' என்று கத்துகிறாள். அதற்கு அடுத்து, அதைவிடப் பெரிய குரலில், 'நான் சத்தம் போட மாட்டேன், நான் சத்தம் போட மாட்டேன்' என்று கத்துகிறாள். பிறகு எல்லாம் நின்றுவிட்டது. கார் கூரை மேல் மழை மட்டும். போன் நின்றுபோய்விட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டிரம்ஸ் விழுந்து பாட்டு தொடர்ந்தது.

பார்த்ததே நாலைந்து முறைதான், அந்த நிலத்தைப் பற்றி என் பெண் பாடியிருக்கிறாள் என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மிச்சம் மூன்று பாட்டுகளை அந்தப் பெருமையிலேயே கேட்டு முடித்தேன்.

3

நிலத்தை விற்ற கதை இது. நிவேதாவுக்கு ஆறு வயது. சுமதியின் தங்கைக்குப் பாபநாசத்தில் கல்யாணம். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்ததால் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுச் சுமதி மட்டும் மூன்று வாரத்துக்கு ஊருக்குப் போனாள். அங்கே இருக்கும்போது விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று திட்டம்.

விசா மறுக்கப்பட்டது. காரணம் பெயர். நமக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. சுமதியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயர் கோவிந்தராஜன் என்று இருந்தது. என் பெயர் ராஜேந்திரன், அது எங்கேயும் இல்லை. முதல் தடவை இதை யாரும் கேட்கவில்லை, இரண்டாம் தடவை கேட்டார்கள். விண்ணப்பித்தவர் வேறோர் ஆணின் பெயரைத் தாங்கியிருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தது. அந்த வேறோர் ஆண் என் மாமனார் என்று நான் பதில் எழுதினேன். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்? அவர் பிறந்த வருஷமே அவருக்குத் தெரியாது.

இங்கே ஒரு வக்கீலைப் பிடித்தேன். காரியம் எப்போது முடியும் என்று கேட்டபோதெல்லாம் "இப்போது, ஒரு நிமிஷத்தில்" என்பார். வெல்ஷ்காரர்கள் எதற்கும் இப்படித்தான் சொல்வார்கள். இப்போதா, ஒரு நிமிஷம் கழித்தா என்று யாருக்கும் தெரியாது. நம் ஊரில் 'இதோ வந்துட்டேன்' என்பதற்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. மேல்முறையீடு, மறுபடி விண்ணப்பம் என்று போய்க்கொண்டே இருந்தது. கையில் இருந்தது தீர்ந்தது. ஊரில் அண்ணனுக்குப் போன் செய்து என் பங்கை விற்கச் சொன்னேன். அண்ணனுக்கு மனசே இல்லை. வாய்க்காலை ஒட்டிய நஞ்சை அது, போனால் திரும்பாது என்றார். எனக்கும் தெரியும். விற்றோம்.

சுமதி அப்போது ஊரில் எங்கள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அண்ணி, அதாவது நிவேதாவுக்குப் பெரியம்மா, கூடவே. புதிதாகக் கல்யாணமான தங்கை, நிவேதாவுக்குச் சின்னம்மா, வாரா வாரம் பாபநாசத்தில் இருந்து வந்துவிடுவாள். காலிங் கார்டைச் சுரண்டி நான் போன் போட்டால் மூன்று பேரும் மாறி மாறிப் பேசுவார்கள். ஆரம்பத்தில் குழந்தையும் வாய் ஓயாமல் பேசினாள். பிறகு ஒருநாள் போனையே தொட மாட்டேன் என்றுவிட்டாள். காதில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பக்கம் சுமதி அழுவாள். ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தும் கூப்பிட்டுவிட்டார்கள், குழந்தை யாரிடமும் பேசவில்லை என்று.

மறு வருஷம் சுமதி வந்து சேர்ந்தாள். பாஸ்போர்ட்டில் இப்போது என் பெயரும் இருந்தது. விமான நிலையத்தில் நிவேதா அவள் புடவையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை. பேச்சு வர இன்னும் சில வாரங்கள் ஆயின. தாயைப் பிரிந்த ஏக்கமாக இருக்கலாம் என்று டாக்டர் முடித்துவிட்டார். தான் கல்யாணத்துக்குப் போனதுதான் காரணம் என்று சுமதியும் முடிவுகட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை.

4

வியாழக்கிழமை சாயங்காலம் நிவேதா நேரிலேயே வந்தாள். சுமதி ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்க்கிறாள், அன்று வர நேரமாகும். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மனசில் இருந்த பெருமையை அப்படியே கொட்டினேன். நிலத்தைப் பற்றிப் பாட உனக்குத் தோன்றியதே, பெரியப்பாவிடம் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்றேன்.

அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அது நிலத்தைப் பத்தி இல்ல."

பிறகு சொன்னாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். தமிழ் அவளுக்குத் தடுக்கும், மழையை இன்னும் மளை என்பாள். ஆனால் அன்றைக்கு நான் எதையும் திருத்தவில்லை. ஆறு வயதில் ஒருநாள் அவள் கூடத்தில் பாடிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாளாம். நான் போனில் இருந்தேன். கையைக் காட்டி, சத்தம் போடாதே என்றேனாம். அவள் நிறுத்தவில்லை, இன்னும் பலமாகப் பாடினாளாம். அப்போது நான் போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது: மூணு மாவையும் வித்துடுங்க. திரும்ப வாங்க முடியாதுன்னு தெரியும். பரவால்ல.

அவளுக்கு அந்த வயதில் தெரிந்த மா ஒன்றுதான். சுமதியை அவள் கூப்பிடுவதே அப்படித்தான், மா.

"பெரியம்மா, அம்மா, சின்னம்மா. மூணு பேரும் அங்க இருந்தாங்க. எண்ணிப் பாத்தேன்பா. கணக்கு சரியா வந்துச்சு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் எனக்கு நின்றுபோயிற்று, ஏனென்றால் மிச்சமும் அப்போது புரிந்துவிட்டது. தான் சத்தம் போட்டதால்தான் அம்மாவை விற்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். சத்தம் போடாமல் இருந்தால் ஒருவேளை விற்காமல் விட்டுவிடுவார்கள். அந்தக் குழந்தை பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை, ஏக்கத்திலும் இல்லை. ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதைக் காப்பாற்றியிருக்கிறது. போனைத் தொடாததற்கும் காரணம் அதுதான். போனில்தானே அப்பா விற்றார்.

எப்போது உண்மை தெரிந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில், ஊருக்குப் போனபோது. அண்ணன் அவளை வரப்பில் கூட்டிக்கொண்டு போய், இந்த மூணு மாவும் உங்கப்பா பங்கு, வித்தாச்சு என்று காட்டியிருக்கிறார். அவள் வரப்பிலேயே உட்கார்ந்து சிரிசிரி என்று சிரித்தாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்படிச் சொல்றதுப்பா? தமிழ்ல வரல. இங்கிலீஷ்ல சொன்னா ஜோக்காயிடுது. போன வருஷம் டிரம்ஸுக்கு முன்னாடி நின்னப்பதான் வந்துச்சு."

அப்புறம் கேட்டாள். பாட்டின் நடுவே விட்டிருக்கும் இடத்தில் நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னமாதிரியே. வேறு யாரையாவது வைத்துச் சொல்லிக்கொள் என்றேன். நியூபோர்ட்டில் தமிழ் பேசுகிற ஆட்களுக்குப் பஞ்சமா? அவள் வாதாடவில்லை. வேறு யாரும் வேண்டாம், நீங்கள் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும், அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி டம்ளரைக் கழுவி வைத்தாள். பழையபடி விருந்தாளி ஆகிவிட்டாள்.

5

எனக்கு ஏன் முடியவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியம் நான் சொன்னதுதான். ஆனால் இப்போது அதற்கு அர்த்தம் மாறிவிட்டது. கேட்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாமல் போகலாம், ஒரு குழந்தையின் காதில் அது எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியுமே. என் வாயால் மறுபடி அவள் அம்மாவை விற்பதாக இருந்தது எனக்கு. பதினெட்டு வருஷமாகத் தேடிய பதில் கிடைத்த அன்றைக்கே, அதைத் திரும்ப நடித்துக் காட்டு என்றால் எப்படி?

நிவேதா போனதும் சுமதி வந்தாள். அவளிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். காய்கறிப் பையை இறக்கி வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டு முடித்தாள்.

"என்னைய எவ்வளவுக்குக் கேட்டாங்கன்னு நெனச்சுதாம்?" என்றாள் கடைசியில்.

அப்படிக் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து வெண்டைக்காயைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் போய் நின்றேன். தொடவில்லை, தொட்டால் அவளுக்கு அழுகை அதிகமாகும் என்று எனக்குத் தெரியும்.

"நான் போனதாலதான்னு இத்தன வருஷம் நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் போனதால இல்லையே. அது போதும் எனக்கு." குழாயை மூடினாள். "புள்ள கேட்டதச் செஞ்சு குடுங்க. வேற என்ன கேட்டிருக்கு அது நம்மள?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஆறு வயதுக்குப் பிறகு நிவேதா எங்களிடம் எதையும் கேட்டதாக நினைவில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்றால்கூட, எதுவானாலும் சரி என்பாள். நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். நாளைக்கு வருகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

6

ஒலிப்பதிவுக் கூடம் என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துப் போனேன். துறைமுகப் பக்கம் டயர் கடைக்கு அடுத்த ஷெட் அது. உள்ளே சுவரெல்லாம் பழைய மெத்தை. ரீஸ் என்று ஒரு தாடிக்காரப் பையன்தான் பதிவு செய்பவன். என்னை ராஜ் என்று கூப்பிட்டு, டீ கொடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் மைக் முன்னால் நிற்கவைத்தான். தலையில் ஹெட்போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரீஸும் அவன் பக்கத்தில் நிவேதாவும்.

மூன்று தரம் முயன்றேன். ஆஸ்பத்திரியில் அறிக்கை வாசிக்கிற மாதிரி வந்தது. ரீஸ் பொறுமையான ஆள், அவசரம் இல்லை என்றான். மைக்கைப் பார்த்து அண்ணனிடம் எப்படிப் பேசுவது? ஜேபியில் இருந்து என் போனை எடுத்து, அணைத்துவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை நகர்த்திக்கொண்டு காதில் வைத்தேன். அப்போது வந்தது.

"அண்ணே, மூணு மாவையும் வித்துடுங்க. திரும்ப வாங்க முடியாதுன்னு தெரியும். பரவால்ல."

இதோடு நிறுத்த வேண்டும். ஆனால் போனைக் காதில் வைத்ததும், அன்றைக்கு அந்தப் பக்கம் அண்ணன் தயங்கியது, எதுக்குடா இப்படி அவசரப்படுற என்று கேட்டது, எல்லாம் கூடவே வந்துவிட்டது. அன்றைக்கு நான் சொன்ன பதிலும் வாயில் வந்துவிட்டது.

"நெலம் போனாப் போவுதுண்ணே. சுமதி இல்லாம இது வீடாவே இல்ல. எத வித்தாவது அவளக் கொண்டாந்து சேத்துடணும். புள்ள அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேக்குது. நான் என்ன சொல்லுவேன்?"

போனை இறக்கினேன். கூடுதலாகப் பேசிவிட்டேன், வெட்டிவிடச் சொல்ல வேண்டும் என்று கண்ணாடியைப் பார்த்தேன். ரீஸ் ஒன்றும் புரியாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நிவேதா நாற்காலியில் இருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்து மைக்கின் பொத்தானை அழுத்தினாள். குரல் என் காதுக்குள் வந்தது.

"அதையும் சொன்னீங்களாப்பா? அன்னிக்கு?"

"சொன்னேனே. நீ கேக்கலையா?"

"இல்ல. நான் கட்டிலுக்கு அடியில போயிட்டேன். அம்மாவுக்காகவா வித்தீங்க? நம்ம வீடு வாங்கறதுக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

யாரும் அவளிடம் சொல்லவில்லை. அண்ணன் வித்தாச்சு என்றதோடு விட்டிருக்கிறார். சுமதிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆகவே அவளுக்கும் தெரியும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். விசாவுக்குத்தான் என்று சொன்னேன். வக்கீலுக்கு, மேல்முறையீட்டுக்கு, அம்மாவின் டிக்கெட்டுக்கு என்று சொன்னேன். மைக் திறந்திருந்தது, அதுவும் பதிவாகிக்கொண்டிருந்தது.

அவள் ரீஸிடம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். டிரம்ஸைத் தள்ளிப் போடு, விட்ட இடம் போதாது, இவர் பேசி முடிக்கும்வரை வர வேண்டாம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவன் தலையாட்டிக்கொண்டே திரையில் எதையோ நகர்த்தினான். பிறகு அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

சரியாகப் பதிவாகவில்லையா என்று கேட்டேன்.

"பதிவாயிடுச்சுப்பா. எனக்குக் கேக்கணும்."

ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனேன். ரீஸ் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு டீ போடப் போனான். நிவேதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன்.